உடைக்காமல், எரிக்காமல், புதைக்காமல்: வீட்டு மின்கழிவை என்ன செய்வது?



தோட்டப்புற வீடுகளில் மின்சாரம் என்பது ஒரு காலத்தில் இரவு சில மணி நேரம் மட்டுமே கிடைத்தது. தோட்டத்து இயந்திரம் ஓடும் வரையில் விளக்கு எரியும். இயந்திரம் நின்றால் லயம் முழுவதும் இருட்டு. அந்த நாளில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தாலே பெரிது. அது பழுதானால் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வருவோம். மறுபடியும் பத்து ஆண்டுகள் அதையே வைத்துக்கொள்வோம். தூக்கி எறிவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்று நம் வீடுகளில் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், மின்விசிறி, சோறு ஆக்கும் மின்சட்டி, இஸ்திரிப் பெட்டி என்று எத்தனையோ சாமான்கள் வந்துவிட்டன. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு கைத்தொலைபேசிகளும் இருக்கின்றன. வாழ்க்கை எளிதாகியிருக்கிறது, அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்தச் சாமான்கள் கெட்டுப்போன பிறகு எங்கே போகின்றன? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

மின்சாரத்தாலோ பேட்டரியாலோ இயங்கும் ஒரு பொருளை இனி வேண்டாம் என்று நாம் ஒதுக்கிவிட்டால் அது மின்கழிவு ஆகிறது. பழைய தொலைக்காட்சி மின்கழிவு. அறுந்துபோன சார்ஜர் மின்கழிவு. பிள்ளைகள் விளையாடி உடைத்த பேட்டரி பொம்மையும் மின்கழிவுதான்.

உலகம் முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் மட்டும் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்று ஐக்கிய நாட்டு நிறுவனங்களின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுபயனுக்குக் கொண்டுவரப்பட்டதாகப் பதிவாகியிருப்பது 22.3 விழுக்காடு மட்டுமே. அதாவது, நூறு கிலோவில் ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோவுக்குத்தான் கணக்கு இருக்கிறது. மற்றவை குப்பை மேட்டிலும், ஆற்றோரத்திலும், வீட்டுப் புறக்கடையிலும், அனுமதி பெறாத பட்டறைகளிலும் போய்ச் சேருகின்றன.

நம் நாட்டிலும் இந்தக் கழிவு பெருகுவதற்குக் காரணங்கள் உண்டு. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியோடு பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, இலக்கமுறை ஒளிபரப்பு வந்தது. பழைய பெட்டியோடு ஒரு சிறு கருவியை இணைத்துப் பார்க்கலாம் என்றாலும், பல குடும்பங்கள் இதுதான் சமயம் என்று கனமான பழைய பெட்டியை ஒதுக்கிவிட்டு மெல்லிய புதுப் பெட்டியை வாங்கின. அடுத்து, 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் மூன்றாம் தலைமுறை அலைவரிசை, அதாவது 3ஜி, படிப்படியாக மூடப்பட்டது. அதை நம்பியிருந்த கைத்தொலைபேசிகள் அலமாரிக்குள் போயின. இவற்றோடு, தோட்டத்தை விட்டுப் பக்கத்துத் தாமானுக்குக் குடிபெயரும்போது நாம் விட்டுச்செல்லும் சாமான்களும் சேர்ந்துகொள்கின்றன.

சரி, ஒரு பழைய பெட்டி மூலையில் கிடந்தால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். மூலையில் முழுதாகக் கிடக்கும் வரையில் பெரும்பாலும் ஒன்றும் கெடாது. நாம் அதை உடைக்கிறோம், எரிக்கிறோம், புதைக்கிறோம். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உடைப்பது. பழைய வகைத் தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளே பெரிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். அந்தக் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறது. குழாய்க்குள் உண்டாகும் ஊடுகதிர் வெளியே வந்து பார்ப்பவரைத் தாக்காமல் இருக்கவே அதைக் கலந்தார்கள். நடுத்தர அளவுள்ள ஒரு பெட்டியில் ஒரு கிலோவுக்கு மேல் காரீயம் இருக்கும். நம் நாட்டு லம்பங்களில் எடுத்தது வெள்ளீயம். அது வேறு, இது வேறு. காரீயம் உடலுக்கு நஞ்சு.

குழாயின் கழுத்தில் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதை எடுத்து விற்றால் சில வெள்ளி கிடைக்கும் என்று சுத்தியலால் தட்டுகிறோம். குழாயின் உள்ளே காற்று இல்லை. ஆகவே அது உடையும்போது உள்வாங்கி நொறுங்கி, கண்ணாடித் துண்டுகள் முகத்தில் தெறிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரியாமல் தொட்டவரை அது தூக்கி எறியும். இவை கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, உடைந்த கண்ணாடியின் தூளும் உள்ளே படிந்திருக்கும் தூசியும். அந்தத் தூள் வாசலில் படிகிறது. அதே வாசலில் குழந்தை தவழ்கிறது. கையை வாயில் வைக்கிறது.

வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களின் உடலைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்றும் அது எச்சரிக்கிறது. காரீயம் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. கவனம் சிதறும், கற்கும் ஆற்றல் குறையும். உடலில் சேர்ந்த காரீயம் எலும்பிலும் பல்லிலும் தங்கி, தாய் கருவுறும்போது அங்கிருந்து வெளிப்பட்டு வயிற்றிலுள்ள சிசுவையும் அடைகிறது. சீன நாட்டின் குவாங்டோங் மாநிலத்தில் குய்யூ என்னும் ஊர் மின்கழிவு உடைக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தது. அங்குள்ள சிறுவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, அந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊர்ச் சிறுவர்களைவிட அதிகக் காரீயம் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது மிகவும் கவலை தரும் செய்தி. பாடத்தில் பின்தங்கும் பிள்ளையை நாம் சோம்பேறி என்கிறோம். கூடுதல் வகுப்புக்கு அனுப்புகிறோம். வகுப்பில் கொடுப்பதை வாசலில் படிந்த தூள் திருடிக்கொள்ளக் கூடாது அல்லவா?

இரண்டாவது, எரிப்பது. வயரின் மேலுறையை நீக்கிச் செம்பை எடுக்கச் சிலர் அதைக் குவித்துத் தீ வைக்கிறார்கள். கரும்புகை எழும், தொண்டை கரிக்கும், கண் எரியும். பெரும்பாலான வயர்களின் மேலுறை பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் குளோரின் உண்டு. எரியும்போது அது அமிலப் புகையாக வெளிவருகிறது. அதோடு, செம்பின் முன்னிலையில் அந்தக் குளோரின் டையாக்சின் என்ற கொடிய நஞ்சாக மாறுவது எளிதாகிறது. டையாக்சின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அது தண்ணீரில் கரைந்து ஓடிவிடுவதில்லை. கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்கிறது.

எரித்த இடத்தில் கிடக்கும் சாம்பலைக் கோழி கிளறுகிறது. அந்தக் கோழியின் முட்டை நம் வீட்டுத் தட்டுக்கு வருகிறது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் அக்போக்புளோஷி என்ற இடத்தில் பல்லாண்டுகளாக வயர்களை எரித்துச் செம்பு எடுத்து வந்தார்கள். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் டையாக்சின் மிக அதிகமாக இருந்ததை உலகுக்குத் தெரிவித்தது. நம் லயத்துப் பின்புறத்திலும் கோழி மேய்கிறது. கீரைப் பாத்தி இருக்கிறது. தீ வைப்பவர் ஒருவர். அதன் பலனை அனுபவிப்பது வரிசை முழுவதும்.

எரிப்பதால் பணமாவது கூடுகிறதா? அதுவும் இல்லை. பழைய உலோக வியாபாரத்தில், உறையை உரித்தெடுத்த பளபளப்பான செம்புக்குத்தான் முதல்தர விலை. தீயில் கருகிய செம்பு தரம் குறைந்தது என்று கழித்துத்தான் எடுப்பார்கள். உடல்நலத்தையும் கொடுத்து, விலையையும் குறைத்துக்கொள்வது என்ன கணக்கு? மேலும், திறந்த வெளியில் கழிவை எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். அபராதமும் சிறையும் உண்டு.

மூன்றாவது, புதைப்பது. தோட்டங்கள் பலவற்றுக்கு நகராண்மைக் கழகத்தின் குப்பை லோரி வருவதில்லை. குழி வெட்டிக் குப்பையைக் கொட்டி மூடுவது பழக்கமாகிவிட்டது. வாழைப்பட்டையும் சோற்றுப் பருக்கையும் மண்ணோடு மண்ணாகிவிடும். காரீயமும் காட்மியமும் பாதரசமும் எத்தனை ஆண்டானாலும் மட்காது. மோட்டார் சைக்கிள் பேட்டரிக்குள் காரீயத் தகடும் கந்தக அமிலமும் இருக்கின்றன. குழல் விளக்கில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. மறுபடி மின்னேற்றிப் பயன்படுத்தும் சில பழைய பேட்டரிகளில் காட்மியம் இருக்கிறது. மழை அதிகமுள்ள நம் நாட்டில் இவை மண்ணுக்குள் இறங்கி, கால்வாய்க்கும் கிணற்றுக்கும் போக அதிக நாள் ஆகாது.

குளிர்பதனப் பெட்டிக்குத் தனியாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மிகப் பழைய பெட்டிகளில் இருக்கும் வாயு, வானத்தில் உள்ள ஓசோன் படலத்தை அழிப்பது. அதைத் தடுக்கவே 1987ஆம் ஆண்டில் மொன்ட்ரியால் உடன்படிக்கை ஏற்பட்டது. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு. ஆகவே பெட்டியின் பின்புறக் குழாயை வெட்டிச் செம்பு எடுப்பது எந்த வகையிலும் தகாது. வெளியே போட்ட பெட்டிக்குள் ஒளிந்து விளையாடிய பிள்ளைகள் மூச்சுத் திணறி இறந்ததும் உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. பழைய பெட்டியை வைத்திருந்தால் கதவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். கயிற்றால் இறுகக் கட்டுங்கள். அதன் தட்டில் மழைநீர் தேங்கினால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் அங்கே குடியேறிவிடும்.

இதுவரை நஞ்சைப் பற்றியே பேசினோம். மின்கழிவில் பொன்னும் இருக்கிறது. குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் குன்றிமணிதான் என்பார்கள். ஜப்பானியர்கள் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 2019ஆம் ஆண்டு மார்ச் வரையில் தங்கள் நாட்டு மக்களிடமிருந்து பழைய சாதனங்களைச் சேகரித்தார்கள். ஏறத்தாழ 62 இலட்சம் கைத்தொலைபேசிகள் வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்தும் மற்றச் சிறு கருவிகளிலிருந்தும் 32 கிலோ தங்கமும், சுமார் 3,500 கிலோ வெள்ளியும், சுமார் 2,200 கிலோ வெண்கலத்துக்குரிய உலோகமும் எடுத்தார்கள். 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளில் வீரர்கள் கழுத்தில் அணிந்த ஏறக்குறைய 5,000 பதக்கங்களும் இப்படிச் செய்யப்பட்டவையே.

அப்படியானால் நாமே வீட்டில் தங்கம் எடுக்கலாமே என்று நம் இளைஞர்கள் எண்ணக்கூடும். அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கும் காட்சிகள் கைத்தொலைபேசியிலேயே வருகின்றன. தம்பிகளே, அது வேண்டாம். அந்த அமிலத்தின் ஆவி நுரையீரலை அரித்துவிடும். ஒரு தொலைபேசியில் இருக்கும் தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இலட்சக்கணக்கில் சேர்த்தால்தான் அது கிலோக் கணக்காகிறது. புகையை வடிகட்டவும், அமில நீரைச் சுத்திகரிக்கவும் வசதியுள்ள ஆலைகளில் செய்ய வேண்டிய வேலை அது.

இங்கே மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் கழிவு போதாதென்று வெளிநாட்டுக் கழிவும் நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. சீனா 2018ஆம் ஆண்டில் அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளுக்குக் கதவை அடைத்த பிறகு, கழிவுக் கப்பல்கள் தென்கிழக்காசியாவை நோக்கித் திரும்பின. சிலாங்கூரில் கோல லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு அருகே அனுமதியில்லாத ஆலைகள் முளைத்து, இரவில் பிளாஸ்டிக் கழிவை எரித்த கதை உலகச் செய்தியானது. அவ்வாறே மின்கழிவும் ‘பழைய உலோகம்’ என்ற பொய்ப் பெயரில் துறைமுகங்களுக்கு வந்து, அதிகாரிகளிடம் பிடிபட்டிருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அபாயகரமான கழிவுகளை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989ஆம் ஆண்டில் உருவானது. மலேசியா 1993ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடக்கம், எந்த வகை மின்கழிவாக இருந்தாலும் பெறும் நாட்டின் முன் இணக்கம் இன்றி அனுப்பக் கூடாது என்று அந்த உடன்படிக்கை திருத்தப்பட்டுள்ளது. நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் மின்கழிவைப் பட்டியலிடப்பட்ட கழிவு என்று வகுத்து, எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணைக் கொடுத்திருக்கின்றன.

ஆயினும் அனுமதியில்லாத பட்டறைக்காரர்கள் ஒதுக்குப்புறமான இடத்தையே தேடி வருகிறார்கள். ஒதுக்குப்புறம் என்றால் தோட்டத்தின் ஓரம்தானே? வேலி உயர்ந்த கொட்டகை. இரவில் வந்துபோகும் லோரி. கையுறையும் முகமூடியும் தராத முதலாளி. கையில் ரொக்கக் கூலி. மாதச் சம்பளம் பற்றாத குடும்பத்துக்கு அந்தக் கூலி பெரிதாகத் தோன்றும். அதை நாங்கள் அறிவோம்; பழிக்கவில்லை. ஆனால் அத்தகைய இடத்துக்கு வேலைக்குப் போகும் முன், உரிமம் உண்டா என்று கேளுங்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அங்கே வேலை செய்தவர் உடையை மாற்றி, குளித்த பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். ஏனெனில் தூள் துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். சந்தேகத்துக்குரிய பட்டறையைக் கண்டால் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிப்பது நம் உரிமை.

இனி, நம் வீட்டில் இருப்பதை என்ன செய்வது? வழிகள் எளியவை.

முதலாவது, பழுதுபார்க்கக் கூடியதைப் பழுதுபார்ப்போம். மின்விசிறியும் மின்சட்டியும் பல வேளைகளில் சின்னஞ்சிறு குறையால்தான் நின்றுபோகின்றன. ஓடக்கூடிய பொருளைத் தேவைப்படும் குடும்பத்துக்குக் கொடுப்போம்.

இரண்டாவது, ஓடாத பொருளை முழுதாகவே வைத்திருப்போம். கழற்ற வேண்டாம். மழை படாத, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைப்போம்.

மூன்றாவது, பேட்டரிகளைத் தனியே வைப்போம். கைத்தொலைபேசிப் பேட்டரியின் முனைகளில் ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தால் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்காது. உப்பிப்போன பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, விரைவில் ஒப்படைக்க வேண்டும். வாகனப் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் பெரும்பாலும் ஏதேனும் விலை போட்டு எடுத்துக்கொள்வார்கள்.

நான்காவது, கைத்தொலைபேசியைக் கொடுக்கும் முன் சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு, உள்ளே உள்ள படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்துவிடுங்கள். இது தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் உதவலாம்.

ஐந்தாவது, ஒப்படைக்கும் இடத்தை அறிந்து ஒப்படைப்போம். தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், குளிரூட்டி, கணினி, கைத்தொலைபேசி ஆகிய ஆறையும் வீட்டு மின்கழிவில் முக்கியமானவையாகச் சுற்றுச்சூழல் துறை குறிப்பிடுகிறது. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் சேகரிப்பு மையங்களின் பட்டியல் அத்துறையிடம் உண்டு. பட்டணத்தில் சில மின்சாதனக் கடைகளிலும் தொலைபேசிக் கடைகளிலும் இதற்கென்று பெட்டி வைத்திருக்கிறார்கள். லயத்துக்கு வரும் பழைய சாமான் லோரிக்காரரும் நமக்குப் பகைவர் அல்லர். “இதை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உரிமம் பெற்ற இடத்தின் பெயரைச் சொல்பவரிடம் கொடுங்கள், முழுதாகவே கொடுங்கள்.

தோட்டத்திலிருந்து பட்டணம் தூரம். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக முடியுமா என்பீர்கள். நியாயமான கேள்விதான். தனியாக முடியாததைக் கூடிச் செய்யலாம். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயில் நிர்வாகமோ, இளைஞர் மன்றமோ முன்வந்து, கூரையுள்ள ஓர் இடத்தை ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு முறை எல்லா வீடுகளிலிருந்தும் சேர்க்கலாம். ஒரு லோரி நிறையச் சேர்ந்தால் உரிமம் பெற்ற சேகரிப்பாளரை அழைத்துப் பேசுவது எளிது. அதில் வரும் பணம் பள்ளி நூலகத்துக்கோ கோயில் திருப்பணிக்கோ ஆகும். தோட்ட நிர்வாகத்திடமும் இடமும் வண்டியும் கேட்கலாம். தொழிலாளர் குடியிருப்பின் துப்புரவில் முதலாளிக்கும் கடமை உண்டு என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் கூறுகிறது. கேட்பது இரப்பதாகாது.

நேயர்களே, பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறோம். அந்தப் பிள்ளையின் மூளைக்கும் மூச்சுக்கும் கேடு செய்யும் எதையும் நம் வாசலில் நாமே செய்யாதிருப்போம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு, வீட்டில் ஓடாமல் கிடக்கும் மின்சாமான்களை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். ஒரு லோரிக்குப் போதுமா என்பதைச் சேர்ந்தே கணக்கிடுவோம்.